வலது கன்னத்து மச்சம்

நடிகரின் இடது கன்னத்தை, அவரைப் பெற்றவளும் கட்டியவளும் சேர்ந்து பார்த்ததைவிட அதிகமாகப் பார்த்தவள் டச்சிங்கம்மாதான். இருபத்தேழு வருஷமாக அவர் போட்டோக்களுக்கு டச்சிங் செய்வதுதான் அவளுக்கு வேலை. முன்பு மெல்லிய தூரிகையும் சாயக் குப்பியும் வைத்துக்கொண்டு செய்தாள், இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறாள். அந்தக் கன்னத்தில் கண்ணுக்கு இரண்டு விரல் கீழே மிளகளவில் ஒரு மச்சம் உண்டு. மேக்கப்காரர் அதன்மேல் தோல் நிறத்தில் பசை பூசி மூடிவிடுவார். மூடினாலும் புடைப்பு புடைப்புதானே, பக்கவாட்டு வெளிச்சத்தில் பொட்டளவு நிழல் விழும். அந்த நிழலைத் துடைத்து, பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டி, அங்கே பிறவியிலேயே ஒன்றும் கிடையாது என்று ஆக்குவது அவள் பொறுப்பு. அதை முடித்துவிட்டு வலது கன்னத்துக்கு வருவாள். அங்கே மேக்கப்காரர் பென்சிலால் வைத்திருக்கும் பொட்டைக் கொஞ்சம் கரடுமுரடாக்கி அசல் மச்சம் ஆக்குவாள். ஊர் உலகம் கொண்டாடுவது அந்தப் பென்சில் பொட்டைத்தான். பத்திரிகைகள் அவரை மச்சக்காரர் என்றே எழுதின. இருப்பதை அழித்து இல்லாததை வைப்பதற்கென்று ஒரு குடும்பமே உட்கார்ந்து பாடுபட்டது.

அவள் புருஷன் போட்டோகிராபர். லேசுப்பட்ட ஆளில்லை. ஒரு காலத்தில் பாடகிகளும் பந்தாட்டக்காரர்களும் மந்திரிகளும் அவர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் ஒரு விரலை ஆட்டினால் முகவாயைத் தூக்கி, இன்னொரு விரலை ஆட்டினால் இறக்கியவர்கள். அவர் எடுத்த படம் வீட்டுக் கூடத்தில் தொங்கினால்தான் பெரிய மனுஷன் என்று இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடிகர் வந்து, "அண்ணே, இனிமே நீங்க எனக்கு மட்டும்தான்" என்றார். தன் பங்களா மதிலுக்குள்ளேயே ஸ்டூடியோ கட்டிக் கொடுத்தார், மாடியில் இவர்கள் குடியிருக்க மூன்று அறை. ஸ்டூடியோவுக்கு வெளிச்சம் ஆகாது என்று ஜன்னல் வைக்கவில்லை. மாடியறைகளுக்கு ஜன்னல் உண்டு, திறந்தால் மதில் தெரியும். காய்கறி வாங்கப் போனாலும் கேட்டில் இருக்கும் காவலாளி நோட்டில் நேரம் குறித்துக்கொள்வான். தங்கக் கூண்டு என்று சொன்னால் போட்டோகிராபருக்குக் கோபம் வரும், கூண்டு என்ற வார்த்தைக்காக.

அந்தக் கோடையில் டச்சிங்கம்மாவுக்கு வேலை கூடியது. முன்பு ஒரு தடவை எடுத்து ஒட்டினால் மறைந்துவிடும் நிழலுக்கு இப்போது நாலு தடவை ஒட்ட வேண்டியிருந்தது. கண் மங்குகிறது என்று முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். பிறகு பழைய படங்களைத் தோண்டி, ஆறு வருஷத்து இடது கன்னங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாள். மிளகு பட்டாணி ஆகியிருந்தது. ஓரம் ஒழுங்காக இல்லை, துணியில் மை கொட்டினாற்போல் ஒரு பக்கமாகப் படர்ந்திருந்தது. கடைசியாக எடுத்த படத்தில் பசைக்கு நடுவே துருப்பிடித்த நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பெரிதாக்கினாள். ரத்தம்தான்.

மேக்கப்காரரைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆமாம்மா. நாலு மாசமா பஞ்சுல ரத்தம் ஒட்டுது. வலிக்குதான்னு ஒருநாள் கேட்டேன். உன் வேலை எதுவோ அதைப் பாருன்னுட்டார். அதுக்கப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்."

கண் டாக்டரிடம் போவதாகக் காவலாளியிடம் சொல்லிவிட்டுத் தோல் டாக்டரிடம் போனாள். நடிகரின் முகத்திலிருந்து தீப்பெட்டி அளவுக்குக் கன்னத்தை மட்டும் வெட்டிப் பிரிண்ட் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தாள். டாக்டரம்மா அதை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தாள்.

"யாரோடது இது?"

"எங்க அண்ணனோடதுங்க."

"அண்ணனுக்குக் கன்னம் மட்டும்தான் இருக்கா? ஆளைக் கூட்டிட்டு வராம துண்டுப் படத்தைக் கொண்டு வந்து நீட்டுறீங்க."

"அவர் வரமாட்டாருங்க. பிடிவாதக்காரர்."

டாக்டரம்மா கிண்டலை நிறுத்தினாள். "இந்தாங்கம்மா, நான் படத்தைப் பார்த்து எதையும் முடிவா சொல்ல முடியாது. ஆனா பார்க்கிறதுக்கு நல்லா இல்ல. வெட்டி எடுத்துச் சோதிக்கணும். இந்த வாரமே. அது தோலைத் தாண்டி உள்ளே இறங்கிட்டா அப்புறம் எங்க கையில இல்ல. உங்க அண்ணன் காலைக் கையைப் பிடிச்சாவது கூட்டிட்டு வாங்க."

காலைக் கையைப் பிடித்தால் வருகிற விஷயமாக இருந்தால் அவள் அன்றைக்கே பிடித்திருப்பாள். அந்த ஆள் ஏன் வெட்டிக்கொள்ளமாட்டார் என்பது அவரைத் தவிர உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அதில் ஒருத்தி அவள்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இவர்களுக்கு ஒரு சின்ன வாடகைக் கடை இருந்தது. முன்பக்கம் ஸ்டூடியோ, திரைக்குப் பின்னால் இருட்டறை. வாய்ப்புத் தேடி அலைந்துகொண்டிருந்த ஒரு இளைஞன் வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, கழுத்து வரைக்கும் ஒரு படம் எடுத்துக்கொண்டான். பிரிண்ட் போட்டது டச்சிங்கம்மா. அப்போது அவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். மருந்து வாடைக்குக் குடலைப் பிரட்டிக்கொண்டு வந்தது, சிவப்பு விளக்கில் தலை சுற்றியது. நெகட்டிவில் ஒரு பக்கம் பளபளக்கும், ஒரு பக்கம் மங்கலாக இருக்கும். மங்கல் பக்கம் காகிதத்தைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும். அன்றைக்கு அவள் மேலே பார்க்க வைத்துவிட்டாள். முகம் அப்படியே இடம் வலமாகத் திரும்பிவிட்டது. சட்டைப் பை தெரிந்திருந்தால் அப்போதே மாட்டியிருக்கும். வெறும் தோளுக்கு இடம் ஏது, வலம் ஏது.

காலையில் தப்பைக் கண்டுபிடித்துப் புருஷனிடம் சொன்னாள். வேறு போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார் அவர். அதற்குள் பையன் வந்துவிட்டான். படத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, இதுதான்ணே நான். தினமும் கண்ணாடில பார்க்கிற நான். இதுவரைக்கும் எந்தப் படத்துலயும் நான் நான் மாதிரியே இருந்ததில்ல."

பின்னே, கண்ணாடியும் திருப்பித்தானே காட்டும். பையன் இருபது பிரதி வாங்கிப் போனான். ஒரு டைரக்டர் படத்தைப் பார்த்துக் கூப்பிட்டார், பத்திரிகை அட்டையில் போட்டார்கள். படப்பிடிப்பின் முதல் நாள் டைரக்டர் இவனை மேலும் கீழும் பார்த்து, "போட்டோல மச்சம் அந்தப் பக்கம்ல இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டார். பையன் போட்டோகிராபரிடம் ஓடி வந்தான். கை தவறிவிட்டது தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். போட்டோகிராபருக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

"நான்தான் திருப்பினேன். வேணும்னேதான் திருப்பினேன். உங்க முகத்துல இடது பக்கம் அடங்கிக் கிடக்கு, ஆளுறது வலது பக்கம். மச்சம் அங்கதான் இருக்கணும். போட்டோல இருக்கிற மாதிரி உங்களை மாத்திக்குங்க."

திரைக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள் டச்சிங்கம்மா. பையன் மாற்றிக்கொண்டான். படம் ஓடோ ஓடென்று ஓடியது. இரண்டு வருஷம் கழித்து அவன் மறுபடி வந்து, தினமும் பசை பூசி மாளவில்லை, இடது பக்கத்தில் இருப்பதை வெட்டி எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். போட்டோகிராபர் பயந்துபோனார். வெட்டியபின் ஒரு படம் ஊத்திக்கொண்டாலும் பழி தன் தலையில் விழும். அதனால், "அதுதான் வேரு, இது பூவு. வேரை வெட்டிட்டுப் பூவை எங்க போய்த் தேடுவீங்க?" என்றார். ஒரு பொய்யை நிறுத்தி வைக்க ஒன்பது பொய் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பார்கள். இந்த ஒரு முட்டு மட்டும் இப்போது ஒரு ஆளின் உயிரில் ஊன்றி நின்றது.

மறுநாள் காலையில் புருஷன் ரொட்டியை டீயில் தொட்டுக்கொண்டிருக்கும்போது அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஆறு படங்களையும் வைத்தாள்.

"என்ன இது, சாப்பிடுற இடத்துல?"

"பாருங்க. ஆறு வருஷம். டாக்டரும் பார்த்தாச்சு. இந்த வாரமே வெட்டணுமாம்."

போட்டோகிராபர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெளிச்சத்தையும் நிழலையும் படித்தே வாழ்ந்த மனுஷன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ரொட்டி டீக்குள் ஊறி அறுந்து விழுந்தது.

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"எங்க அண்ணன் கன்னம்னு சொன்னேன். அது இருக்கட்டும். நீங்க போய்ச் சொல்லுங்க. திருப்பினது கை தவறி நடந்தது தம்பி, வேரும் இல்ல பூவும் இல்ல, போய் வெட்டிக்கங்கன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு என்ன?"

"சொல்லிட்டு எங்க போறது? நான் எழுதின புத்தகம் பூரா அதுதான். காலேஜ் காலேஜா போய்ப் பேசினது பூரா அதுதான். முகத்தோட ஆளும் பக்கத்தைக் கண்டுபிடிச்ச ஆளுன்னு பட்டம் குடுத்தானுங்களே, அது? பொண்டாட்டி மசக்கைல நெகட்டிவை மாத்தி வச்சுட்டான்னு சொன்னா கைகொட்டிச் சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சா செத்துற மாட்டோம். அந்த ஆளு செத்துருவாரு."

"கத்தாதே. கீழ கேக்கும்."

"மாத்தி வச்சது என் கைங்க. நாளைக்கு அந்த மனுஷனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால சோறு திங்க முடியுமா?"

"சொல்லமாட்டேன்னா சொன்னேன்? படம் ரிலீஸ் முடியட்டும். அவர் கொஞ்சம் நல்ல மனநிலைல இருக்கணும். சமயம் பார்த்துப் பேசணும்."

சமயம் பார்ப்பதில் போட்டோகிராபரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இமை தாழ்ந்து எழும் அரைநொடிக்காக முக்கால் மணி நேரம் காத்திருப்பவர். அந்தப் பொறுமை அவளுக்கு அன்று அருவருப்பாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். பயந்தவர். பயந்த ஆளோடு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும். அவளுக்கு முப்பது வருஷப் பழக்கம்.

இரண்டு நாள் கழித்துப் புதுப் படத்துக்கான போட்டோ எடுக்கும் நாள் வந்தது. டச்சிங்கம்மா வழக்கமாகக் கீழே இறங்கமாட்டாள். அன்று படங்களை உறையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஸ்டூடியோ புழுங்கியது. விளக்குகள் சூடேறி வார்னிஷ் வாடை அடித்தது. சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் நடிகர் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. மேக்கப்காரர் இடது கன்னத்தில் பஞ்சை ஒற்றி, எடுத்த பஞ்சை யாரும் பார்க்காமல் பைக்குள் போட்டார். போட்டோகிராபர் ஒரு வெள்ளை அட்டையை அரை அங்குலம் தள்ளுவதும் திரும்ப இழுப்பதுமாக இருந்தார். இவளைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

"அட, அண்ணி. நீங்களே இறங்கி வந்திருக்கீங்களே. இன்னிக்கு மழைதான் வரப்போகுது," என்றார் நடிகர்.

"உங்ககிட்ட ஒண்ணு பேசணும் தம்பி. நம்ம மூணு பேர் மட்டும்."

மேக்கப்காரர் சொல்லாமலே வெளியே போனார். டச்சிங்கம்மா படங்களை நடிகரின் மடியில் வரிசையாக வைத்தாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். அப்புறம் நிறுத்தாமல், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க வராது என்ற பயத்தில், இருட்டறையையும் வாந்தியையும் மங்கல் பக்கத்தையும் சொன்னாள்.

"யாரும் யோசிச்சுத் திருப்பல தம்பி. நான் தப்பா வச்சேன். அவ்வளவுதான். அதுல அதிர்ஷ்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீங்க நல்லா நடிச்சீங்க, சனங்க பார்த்தாங்க. இத்தனை வருஷம் சொல்லாம இருந்தது பாவம். என்னைத் திட்டுங்க, வெளிய அனுப்புங்க, என்ன வேணா பண்ணுங்க. போய் இதை வெட்டி எடுத்துருங்க."

நடிகர் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றார் கடைசியில். "அண்ணி சொல்றது நிஜமா?"

போட்டோகிராபர் விளக்குக் கம்பியின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுகியிருந்த திருகு. டச்சிங்கம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நிஜம்தான் தம்பி. கை அவளோடதுதான்."

முப்பது வருஷத்தில் அந்த மனுஷன்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை. அது அவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லும் வரைக்கும் இருந்தது.

"ஆனா தப்புங்கிறாளே, அதுதான் அவளுக்குப் புரியல. நூத்துக்கணக்குல நெகட்டிவ் போட்ட கை அது. அன்னிக்கு மட்டும் ஏன் திரும்புச்சு? உங்க முகத்துக்கு மட்டும் ஏன் திரும்புச்சு? திரும்பணும்னு இருந்தது, அவ கை வழியா திரும்புச்சு. நான் பார்த்த உடனே புரிஞ்சுகிட்டேன். இப்ப இதைப் பாருங்க." ஒரு படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "வேருன்னு சொன்னேன்ல. சத்து பூரா மேல ஏறிட்டா வேர் என்ன ஆகும்? அழுகும். அதான் அழுகுது. எல்லாம் வலது பக்கம் வந்து சேந்தாச்சு தம்பி. இனிமே அது அங்க இருக்கக் கூடாது. இருந்தா ஆளையே இழுத்துரும். நாளைக்கே வெட்டிருங்க."

"நாளைக்கேவா?"

"நாளைக்கே."

நடிகர் கழுத்துத் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. துணியை எடுத்தபோது பசையெல்லாம் கலைந்து மச்சம் வெளியே தெரிந்தது, படத்தில் இருந்ததைவிட மோசமாக.

"ஒரு வருஷமா பயந்து செத்துகிட்டு இருந்தேன்ணே. ராத்திரி தூக்கம் கிடையாது. கையால தடவிப் பார்ப்பேன். யார்கிட்டப் போய்க் கேக்கிறது? உங்ககிட்டக் கேட்டா வெட்டக் கூடாதும்பீங்க. வேற யார்கிட்டக் கேட்டாலும் ஊருக்கே தெரிஞ்சுரும்."

"தம்பி," என்றாள் டச்சிங்கம்மா. "வேர் இல்ல தம்பி. அது சும்மா ஒரு மச்சம். நான் சொன்னதுதான்..."

நடிகர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு தயக்கம் எட்டிப் பார்த்தது. அப்படியானால் வெட்டலாமா, வேண்டாமா என்று கேட்கிற பார்வை. போட்டோகிராபர் அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் இந்த ஆள் மறுபடி யோசிக்க ஆரம்பிப்பார், யோசித்தால் நாள் தள்ளும், நாள் தள்ளினால் உள்ளே இறங்கும். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளாகத்தான் மூடிக்கொண்டாள், யாரும் வந்து பொத்தவில்லை.

"ஒண்ணுமில்ல தம்பி. அவர் சொல்ற மாதிரியே செய்யுங்க."

மாடிக்கு வந்ததும் போட்டோகிராபர் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"பார்த்தியா? அந்த ஆளும் பொழைச்சான், நாமளும் பொழைச்சோம். பாம்பும் சாகல, கம்பும் முறியலன்னு வச்சுக்க."

"பாம்பும் சாகணும், கம்பும் முறியக் கூடாதுன்னுதான் சொல்லுவாங்க. இங்க பாம்பு சாகலை, அந்தப் பொய் அப்படியேதான் இருக்கு."

"உனக்கு இப்ப என்ன வேணும்? வெட்டணும்னே, வெட்டப் போறாரு."

அவள் கேட்டது நடந்துவிட்டது. அதற்குமேல் தனக்கு ஒன்று வேண்டியிருந்தது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் வேறொரு பெயரில் வெட்டி எடுத்தார்கள். சோதனை முடிவு வரும்வரை எட்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கெட்ட கட்டிதான், ஆனால் உள்ளே இறங்கவில்லை, முழுதாக எடுத்தாயிற்று, இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்று செய்தி வந்தபோது அடுப்படியில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு சந்தோஷம் பெண்ணைப் பெற்ற அன்றுதான் அவளுக்கு இருந்தது.

தையல் பிரித்த மறுநாள் நடிகர் இருவரையும் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். ஒப்பனை அறையில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இடது கன்னத்தில் அரை விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு, வலது கன்னம் வெறுமையாக இருந்தது. இரண்டு பக்கமும் மச்சம் இல்லாத அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. யாரோ ஒரு சாதாரண ஆள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தால் நகர்ந்து இடம் கொடுக்கலாம் போலிருந்தது. மேக்கப்காரர் தன் பெட்டியை மூடிக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

"வாங்க அண்ணி," என்றார் நடிகர். "பத்து நாளா இதையேதான் யோசிச்சுகிட்டு இருந்தேன். அண்ணன் சொன்னாரே, உங்க கை வழியா வந்ததுன்னு. இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா வேற கை தொட விட்டிருப்பேனா? அதனால இனிமே நீங்கதான் வைக்கணும்."

"எதைத் தம்பி?"

"மச்சத்தை. தினமும் காலைல. வெளியூர் ஷூட்டிங்னாலும் நீங்க கூட வரணும். ரூம் எல்லாம் பக்கத்துலயே போடச் சொல்லிடறேன்."

"எனக்கு மேக்கப் வேலை எல்லாம் பழக்கமில்ல தம்பி. இவர் இருக்காரே, இத்தனை வருஷமா..."

"அவருக்கு ஓய்வு குடுத்தாச்சு. நல்லபடியா அனுப்பி வைக்கிறேன்."

மேக்கப்காரர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவள் கண்ணுக்கு அது விடுதலையாகப் பட்டது, அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"என்னால முடியாது தம்பி, எனக்கு வயசாச்சு," என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் போட்டோகிராபர் முந்திக்கொண்டார்.

"அதுக்கென்ன தம்பி, வருவா. அவளுக்கு வேற என்ன வேலை?"

மேக்கப்காரர் பெட்டியைத் திறந்து பென்சிலை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நடிகர் முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். டச்சிங்கம்மா குனிந்தாள். தப்பான இடத்தில் வைத்துவிடலாம், ஒரு அங்குலம் தள்ளி, மூக்குப் பக்கமாக, எல்லாம் அதோடு முடிந்துவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் கை அவள் சொல்லைக் கேட்கவில்லை. இருபத்தேழு வருஷம் பழகிய இடத்துக்கு அது தானாகப் போய், அழுத்தாமல், ஒரு சுற்றுச் சுற்றி, பொட்டை வைத்துவிட்டு வந்தது.

நடிகர் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு மயிரிழை பிசகல. இந்தக் கையைப் போய்த் தப்புப் பண்ணுச்சுன்னு சொன்னீங்களே அண்ணி. நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்துருங்க."

"சரிங்க தம்பி," என்றாள்.